அறிவியல் புனைவுத் தொடரின் கடைசி எபிசோடு வந்தால் ரசிகர்கள் ஏன் இப்படிக் கொந்தளிக்கிறார்கள்? உங்களுக்கு அப்படி நேர்ந்ததுண்டா?

நேர்ந்தது. 2020 ஜூன் 27, சனிக்கிழமை. ‘டார்க்’ என்ற ஜெர்மன் காலப்பயணத் தொடரின் மூன்றாவது சீசன், அதுவே கடைசி, நெட்ஃப்ளிக்ஸில் வெளியான நாள். முடிவு உட்பட எல்லாவற்றையும் போட்டு உடைக்கப்போகிறேன். பார்க்காதவர்கள் இங்கேயே திரும்பிவிடுங்கள்.

தேதியே ஒரு குறும்பு. கதையில் விண்டன் என்ற சின்ன ஊரில் உலகம் அழிவதும் அதே 2020 ஜூன் 27தான். தொடரை உருவாக்கிய பாரன் போ ஓடாருக்கும் யான்ட்யே ஃப்ரீஸவுக்கும் அன்றைக்குச் சென்னை எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்க நியாயமில்லை. 19ஆம் தேதியிலிருந்து மறுபடியும் முழு ஊரடங்கு. மளிகை, காய்கறிக் கடைகள் காலை 6 முதல் பகல் 2 வரை மட்டும். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அதுவும் கிடையாது. எபிசோடுகள் வருவதோ நம் நேரப்படி பகல் 12.30க்கு. ஆக, உலகம் அழியத் தொடங்கிய நேரத்தில் நான் மேற்கு மாம்பலத்தில் ஒரு காய்கறிக் கடை வாசலில், சுண்ணாம்பு வட்டத்துக்குள், முகக்கவசமும் கட்டைப்பையுமாக நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் பதினோரு பேர்.

வீட்டில் அம்மா தயாராக இருந்தார். அவர் எப்படி இதில் மாட்டினார் என்று சொல்ல வேண்டும். சீரியல் ஷூட்டிங் எல்லாம் நின்றுபோய் டிவியில் பழசையே திரும்பத் திரும்பப் போட்ட காலம் அது. மே மாதத்தில் நான் முதல் இரண்டு சீசனையும் இரண்டாம் முறை பார்க்க உட்கார்ந்தபோது, “என்னடா இது, எப்பப் பாரு மழை பெய்யுது?” என்று வந்து நின்றவர், பத்தாவது நிமிடம் உட்கார்ந்துவிட்டார். ஆங்கில சப்டைட்டிலை அவ்வளவு வேகமாகப் படிக்க வராது. நான் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்வேன். ஒரு மணி நேர எபிசோடு இரண்டு மணி நேரம் ஓடும்.

1953, 1986, 2019 என்று 33 வருஷத்துக்கு ஒரு தாவல். ஒரே ஆளுக்கு மூன்று வயது, மூன்று முகம். காகிதம் இல்லாமல் முடியாது. மாதக் காலண்டரில் கிழித்த ஏப்ரல், மே தாள்களைத் திருப்பி ஒட்டி, நான்கு குடும்பத்தின் வம்சாவளியையும் எழுதிச் சுவரில் மாட்டினேன். முன்பக்கத்தில் இரண்டு மாதப் பால் கணக்கு.

எனக்குப் பிடித்தது காலப்பயணப் புதிர். அம்மாவுக்கு அதில் ஆர்வமே இல்லை. அவருக்கு வேண்டியது ஒன்றுதான்: யாருக்கு யார் என்ன முறை? ஜோனாஸும் மார்த்தாவும் காதலர்கள். ஜோனாஸின் அப்பா, காலத்தில் பின்னால் போய்ச் சிக்கிய மார்த்தாவின் தம்பி மிக்கேல்தான் என்று தெரியவந்த இடத்தில் படத்தை நிறுத்தச் சொன்னார். “அப்பாவோட அக்கான்னா அவ இவனுக்கு அத்தைடா. அத்தை பொண்ணைக் கட்டலாம், அத்தையையே எப்படிக் கட்டறது?” அடுத்தது சார்லட், எலிசபெத். சார்லட்டின் மகள் எலிசபெத். எலிசபெத்தின் மகள் சார்லட். “அப்போ அவ இவளுக்கு அம்மாவா, பொண்ணா?” “ரெண்டும்தாம்மா.” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சண்டை வந்தா யாரு யாரை அதட்டுவா?” என்றார். இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

சனிக்கிழமை நாங்கள் மூன்று எபிசோடுதான் முடித்தோம். ஸ்பாய்லருக்குப் பயந்து வாட்ஸ்அப் பக்கமே போகவில்லை. இரவு 11 மணிக்குப் பழக்கதோஷத்தில் திறந்தால், பெரம்பூர் நண்பனின் ஸ்டேட்டஸ்: “எல்லாம் முடிஞ்சுது. யாருமே இல்ல.” அந்த ஜூனில் சென்னையில் இருந்தவர்களுக்குத் தெரியும், அப்படி ஒரு வரியைப் படித்தால் வயிற்றில் என்ன நடக்கும் என்று. அவன் வீட்டில் வயதானவர்கள் இரண்டு பேர். கை நடுங்க போன் போட்டேன்.

“டேய், என்னடா ஆச்சு? யாருக்கு?”

“ஜோனாஸுக்குடா.”

அவனை நான் திட்டிய வார்த்தைகளை இந்தத் தளம் அனுமதிக்காது. திட்டி முடித்த பிறகு அவன் சொன்னதுதான் உங்கள் கேள்விக்குப் பதில் என்று நினைக்கிறேன். “26 எபிசோடுடா. நோட்டு போட்டுப் படிச்சேன். கடைசியில அந்த ரெண்டு உலகமும் இருந்திருக்கவே கூடாதுன்னு சொல்லி அழிச்சுட்டாங்க. அப்ப நான் படிச்சது?”

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நாங்களும் முடித்தோம். கடிகாரக்காரர் டான்ஹவுஸ் ஒரு கார் விபத்தில் மகன், மருமகள், பேத்தி மூவரையும் இழக்கிறார். அவர்களை மீட்க ஒரு இயந்திரம் செய்கிறார். அது உலகத்தை இரண்டாகப் பிளந்துவிடுகிறது. ஜோனாஸும் மார்த்தாவும் பிளவுக்கு முன்பிருந்த மூல உலகத்துக்குப் போய் அந்தக் காரை மறிக்கிறார்கள். விபத்து நடக்கவில்லை, இயந்திரம் இல்லை, காலம் சுற்றிச் சுற்றி விழுந்த முடிச்சு இல்லை, அவர்களும் இல்லை. நானும் பெரம்பூர்க்காரன் கட்சிக்குப் போய்விட்டேன். மூல உலகத்தைக் கடைசி நேரத்தில் கொண்டுவந்து நுழைத்தது அழுகுணி ஆட்டம் என்று தோன்றியது. இப்போதும் கொஞ்சம் தோன்றுகிறது.

மற்ற சினிமாவுக்கும் இதற்கும் வித்தியாசம் இதுதான். காதல் கதை பார்ப்பவரிடம் யாரும் வேலை வாங்குவதில்லை. இந்த மாதிரித் தொடர் ரசிகனிடம் வேலை வாங்குகிறது: வருஷத்தைக் குறி, முகத்தை ஒப்பிடு, விதியைக் கண்டுபிடி. வேலை வாங்கினால் கூலி கேட்கத்தான் செய்வான். 2010 மே 23 அன்று விமான விபத்தில் ஒரு தீவில் சிக்கியவர்களின் கதையான ‘லாஸ்ட்’ என்ற அமெரிக்கத் தொடர் முடிந்தபோதும் இதே கதைதான். ஆறு சீசன் தீவின் மர்மத்தைத் துரத்தியவர்களுக்குக் கிடைத்தது மறுமையில் ஒரு சந்திப்பு. போதாக்குறைக்கு, எழுத்துகள் ஓடும்போது அதை ஒளிபரப்பிய சேனல் கடற்கரையில் கிடக்கும் விமானச் சிதைவைக் காட்டித் தொலைத்தது. ‘ஓஹோ, எல்லாரும் முதல் நாளே செத்துட்டாங்க’ என்று ஒரு கூட்டம் கிளம்பியது. நடந்ததெல்லாம் நிஜம் என்று அந்த எபிசோடிலேயே நாயகன் ஜாக்கின் அப்பா வாய்விட்டுச் சொல்கிறார். யார் காதில் விழுந்தது? கல்லூரி விடுதியில் நானே அந்தக் கட்சியில் நின்று ஒரு ராத்திரி முழுக்கக் கத்தியிருக்கிறேன்.

அம்மா மட்டும் துளிக்கூட ஏமாறவில்லை. கடைசிக் காட்சியில் ரெஜினா வீட்டில் ஆறு பேர் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள். புற்றுநோயில் சாக வேண்டிய ரெஜினா அங்கே நன்றாக இருக்கிறாள். அவளைக் காப்பாற்றத்தான் அவள் அம்மா கிளாடியா அத்தனை காலமும் அலைந்தாள். “அதானே வேணும், பொண்ணு பிழைச்சுட்டா,” என்று எழுந்துபோய் பாலுக்கு உறை ஊற்றினார். தொடர் முழுக்க யாரும் பதில் சொல்லாத, ஒரு கண்ணில் கட்டோடு வரும் போலீஸ்காரர் வோல்லரின் கண்ணுக்கு அங்கேயும் விளக்கம் வராமல் போனதில்தான் அவருக்குக் குறை. “அந்தப் பிள்ளை கண்ணுக்கு என்ன ஆச்சுன்னு கடைசி வரைக்கும் சொல்லலை பாரு.”

பிறகு ஒரு காரியம் செய்தார். சிவப்புப் பேனாவை எடுத்துவரச் சொல்லி, மூல உலகத்தில் பிறக்க வழியில்லாதவர்களைச் சுவர்த் தாளில் ஒவ்வொருவராக அடிக்கச் சொன்னார். மார்த்தாவின் அப்பா உல்ரிக், மார்த்தா, மிக்கேல், ஜோனாஸ், எலிசபெத். மார்த்தாவின் நீல்சன் குடும்பம் மொத்தமாகப் போனது. நான் கனத்த மனசோடு கோடு போடப் போட, அவர் பின்னால் நின்று, “இப்பதான் முறை சரியா இருக்கு,” என்றார்.

ஜூலை முதல் வாரம் பால்காரர் கணக்குக்கு வந்தார். மே மாதம் எத்தனை பாக்கெட் என்று தாளைத் திருப்பிப் பார்த்தால், சிவப்பு மை ஊறி முன்பக்கம் வந்துவிட்டிருந்தது. மிக்கேலுக்குப் பின்னால் இருந்த நாள்களில் பால் வாங்கினோமா இல்லையா என்று அரை மணி நேரம் பேசி, கடைசியில் அவர் சொன்ன கணக்கையே கொடுத்தோம்.