வினாகிரி வாடை வீசும் செல் ஓவியம்

வணக்கம் ஐயா,

வெள்ளவத்தையில் கடலுக்குக் கிட்ட வசிக்கிறேன். 90களின் ஜப்பானியக் கார்ட்டூன் தொடரொன்றின் செல் ஓவியத்தை (படமெடுப்பதற்காக ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளில் தீட்டியது) வாங்கினேன். பின்பக்கத்தில் பென்சில் வரைபடக் கடதாசி ஒட்டிப்போய் இருக்கிறது. உறையைத் திறந்தால் இலேசான வினாகிரி வாடை. கடதாசியை உரிக்கலாமா? கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டலாமா? இன்னொருவர் ‘பியூட்டி அண்ட் த பீஸ்ட்’ படத்தின் மூலச் செல் என்று ஒன்றை விற்கிறார். நம்பலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

கடதாசியை உரிக்காதீர்கள். செல்லில் கோடு முன்பக்கம் இருக்கும், வண்ணம் பின்பக்கம் பூசப்பட்டிருக்கும். கடதாசி பிடித்துக்கொண்டிருப்பது பிளாஸ்டிக் தாளை அல்ல, வண்ணத்தை. இழுத்தால் முகத்தில் பாதி கடதாசியோடு வந்துவிடும். நீராவியும் வேண்டாம், ஸ்பிரிட்டும் வேண்டாம். அந்தச் செல்லின் கோடு அந்தப் பென்சில் படத்திலிருந்தே எடுக்கப்பட்டது. இரண்டும் சேர்ந்திருப்பது குறையல்ல.

வாடைதான் அவசரமான விஷயம். செல்லின் தாள் செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக். வெப்பமும் ஈரமும் சேரும்போது அது உடைந்து அசிட்டிக் அமிலத்தை விடும். வெளியேற வழியில்லாத அமிலம் மேலும் உடைவை விரைவாக்கும். 21 பாகை செல்சியஸ், 50 சதவீத ஈரப்பதத்தில் புதிய அசிடேட்டுக்கு வாடை தொடங்கச் சுமார் 40 ஆண்டுகள் ஆகும் என்பது பொதுக் கணக்கு. கொழும்பில் 27, 28 பாகையும் 80 சதவீதமும் அன்றாடம். ஆகவே இறுக மூடிய உறைதான் இப்போது முதல் எதிரி.

இன்றே உறையிலிருந்து எடுங்கள். கடைகளில் கிடைக்கும் பீ.வீ.சீ. ஃபைல் கவரில் ஒருபோதும் வைக்காதீர்கள். அதிலுள்ள மென்மையூட்டி வண்ணத்தில் ஒட்டும். இரு பக்கம் திறந்த பொலியெஸ்டர் உறை நல்லது. கோடு உள்ள முன்பக்கத்தில், கரியும் சியோலைட் என்ற கனிமமும் கலந்த பாதுகாப்புத் தாளொன்றை வையுங்கள். அது அமில ஆவியை உறிஞ்சும். வண்ணப் பக்கத்தில் எதுவும் அழுத்தக் கூடாது. மற்றச் செல்களிலிருந்து இதைத் தனியே வையுங்கள், ஆவி அவற்றையும் கெடுக்கும். அமிலம் எவ்வளவு என்று பார்க்க ஏ-டி சோதனைத் தாள்கள் உண்டு. ஒரு நாள் பக்கத்தில் வைத்தால், நீலம் பச்சையாகி, அமிலம் கூடினால் மஞ்சளாகும்.

கமரா வைக்கும் மின்சார உலர் அலுமாரி உதவும். ஆனால் லென்சுக்கு வைப்பதுபோல் ஈரப்பதத்தை 35 சதவீதத்துக்கு இறக்கினால் வண்ணம் காய்ந்து வெடிக்கும். 45 முதல் 50 போதும். கதவை அவ்வப்போது திறந்து காற்று மாற்றுங்கள். இரவில் மட்டும் ஏ.சி. போடும் அறை மோசம். தாள் தினமும் விரிந்து சுருங்கும், வண்ணத்தால் அந்த அளவுக்கு ஈடுகொடுக்க முடியாது, பொருக்காக உதிரும். குளிர்சாதனப் பெட்டியும் வேண்டாம்.

மாட்டித்தான் ஆகவேண்டும் என்றால், கண்ணாடிக்கும் செல்லுக்கும் இடையில் குறைந்தது 3 மில்லிமீற்றர் இடைவெளி விடுங்கள். ஒட்டினால் ஈரத்தில் வண்ணம் பிடித்துக்கொள்ளும். மூலைகளைப் பொலியெஸ்டர் மூலைகளால் தாங்குங்கள், செலோடேப் படக்கூடாது. சட்டத்தின் பின்புறத்தை ஒட்டி மூடாதீர்கள். கச்சான் மழை அடிக்கும் வெளிச்சுவரும் வெயில் படும் சுவரும் ஆகாது: ஜப்பானியச் செல்களில் இயந்திரத்தால் பதித்த கோடுகள் வெளிச்சத்தில் மங்கும். உங்களுடையதை இப்போதைக்கு மாட்டாமல் இருப்பதே என் யோசனை. நல்லதொரு வண்ணப்பிரதியைச் சட்டத்தில் போடுங்கள்.

அந்த விற்பனையில் இறங்க வேண்டாம். டிஸ்னியின் முதன்மை ஸ்டூடியோ 1989இன் ‘த லிட்டில் மெர்மெய்ட்’ வரைதான் முழுநீளப் படங்களைச் செல்களில் எடுத்தது, அதன் சில காட்சிகள் நீங்கலாக. 1990 முதல் அவற்றின் வண்ணம் கணினியில் தீட்டப்பட்டது. ‘பியூட்டி அண்ட் த பீஸ்ட்’ 1991. கமராவுக்கு முன் வைக்கப்பட்ட செல் அதற்கு இல்லை. விற்பனைக்கென்று பின்னர் செய்தவை உண்டு, சில அழகாகக் கையால் தீட்டப்பட்டவை. ஆனால் அவற்றின் விலை வேறு.

120/500 போன்று பின்ன எண் இருந்தால் அது பதிப்பு எண், அதாவது விற்பனைக்கென்று செய்தது. ஜப்பானியச் செல்லில் வலது மேல் மூலையில் ‘ஏ12’ போல வரிசை எண் இருக்கும், ஓரத்தில் தாளை அசையாமல் பிடிக்கும் ஆணிகளுக்கான துளைகள் இருக்கும். துளை ஓரத்தை வெட்டிச் சட்டமிட்ட உண்மையானவையும் உண்டு, ஆகவே துளை இல்லாததால் மட்டும் ஒதுக்காதீர்கள். பணம் அனுப்புவதற்கு முன், பின்பக்கத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்த படமொன்றைக் கேளுங்கள். தூரிகைத் தடமும் வண்ணத்தின் மேடுபள்ளமும் தெரிய வேண்டும். திரை அச்சில் (ஸ்கிரீன் பிரிண்ட்) செய்ததில் எல்லாம் ஒரே தட்டையாக இருக்கும்.