20,000 டாலர் ஸ்காலர்ஷிப் போக மீதி எவ்வளவு?

பிளஸ் டூ தொடங்கியிருக்கும் மகளுக்கு அமெரிக்கக் கல்லூரி ஒன்று 20,000 டாலர் ஸ்காலர்ஷிப் தருகிறது, இந்த வாரமே முன்பணம் கட்டச் சொல்கிறார்கள், கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது கட்டாதீர்கள். முதலில் அந்தக் கல்லூரியிடமே மின்னஞ்சலில் கேளுங்கள்: ஃபீஸ், ஹாஸ்டல், சாப்பாடு, மருத்துவக் காப்பீடு, புத்தகம் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு எவ்வளவு? தி.நகரில் ஆடித் தள்ளுபடிக்குப் போனாலும் கடைசியில் பில் தொகையைத்தானே பார்க்கிறோம்.

உதாரணத்துக்கு, மொத்தம் 62,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஸ்காலர்ஷிப் போக 42,000. நான்கு வருடத்துக்கு 1,68,000 என்று பெருக்கிவிடாதீர்கள். செலவு வருடத்துக்கு 4 சதவீதம் ஏறி, ஸ்காலர்ஷிப் மட்டும் அதே 20,000-இல் நின்றால் நீங்கள் கட்டுவது சுமார் 1,83,000 டாலர். டாலருக்கு 90 ரூபாய் என்றாலும் 1 கோடியே 65 லட்சம். இரண்டாம் வருடமும் ஸ்காலர்ஷிப் தொடர எத்தனை ஜிபிஏ (சராசரி மதிப்பெண் புள்ளி) வேண்டும், ஒரு செமஸ்டர் குறைந்தால் உடனே நிறுத்துவார்களா, அவகாசம் உண்டா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை போதாது.

உங்களுக்கு ஆலோசனை தரும் ஏஜென்சி உங்களிடம் பணம் வாங்கவில்லை என்றால், பெரும்பாலும் கல்லூரியிடம் வாங்குகிறது. மாணவர் கட்டும் முதல் வருட ஃபீஸில் ஒரு பங்கு அவர்களுக்குக் கமிஷன். உள்நாட்டு மாணவர்களைச் சேர்க்க ஆள் கணக்குக்குக் கமிஷன் கொடுப்பதை அமெரிக்கச் சட்டம் தடுக்கிறது; அரசு உதவிப் பணம் பெற முடியாத வெளிநாட்டு மாணவர்களுக்கு அதில் விலக்கு உண்டு. எனவே இது சட்டப்படியான தொழில்தான். ஆனால் முழு ஸ்காலர்ஷிப்பில் போகும் பிள்ளை ஃபீஸே கட்டாது, கமிஷனும் வராது. முழு ஸ்காலர்ஷிப் தரும் கல்லூரிகளின் பெயர், ஹோட்டல்களில் நடக்கும் வெளிநாட்டுக் கல்விக் கண்காட்சிகளில் காதில் விழாததற்கு இது ஒரு பெரிய காரணம்.

ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத், போடன் ஆகியவை வெளிநாட்டு மாணவரின் பண நிலையைப் பார்க்காமல் தேர்வு செய்து, பிறகு குடும்பத்தால் முடியாத தொகை முழுவதையும் தருபவை. இடம் கிடைப்பது மிகக் கடினம். ஹார்வர்டிலும் எம்ஐடியிலும் விண்ணப்பிக்கும் நூறு பேரில் ஐந்து பேருக்குக்கூட இடமில்லை. மற்ற பெரும்பாலான கல்லூரிகளில், உதவி கேட்டால் சேர்க்கை வாய்ப்பு குறையும். அதற்குப் பயந்து 'முழுப் பணமும் நாங்களே கட்டுகிறோம்' என்று எழுதிவிட்டு, இரண்டாம் வருடம் கேட்டுக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். சேரும்போது கேட்காத வெளிநாட்டு மாணவருக்குப் பின்னால் தருவதில்லை என்று பல கல்லூரிகள் விதியே வைத்திருக்கின்றன. பிள்ளை பாதியில் திரும்பி வரும் நிலைமை இப்படித்தான் உண்டாகிறது.

உதவி கேட்க, பல கல்லூரிகளில் சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற படிவம் நிரப்ப வேண்டும். சம்பளம், வருமான வரி ரிட்டர்ன், வீடு, நிலம், சேமிப்பு, கடன் எல்லாம் அதில் வரும். இங்கே நம்மவர்கள் தவறுவது கௌரவத்தால். சித்தப்பாவோடு பங்குள்ள ஊர் நிலத்தை முழுக்கத் தன் பெயரில் காட்டுவது, வீட்டுக் கடனைச் சொல்லாமல் விடுவது, விசாவுக்குக் காட்டுவதற்காகக் கணக்கில் திடீரென்று பணம் போட்டு வைப்பது. படிவத்தில் ஒன்று, வங்கிக் கணக்கில் வேறொன்று என்றிருந்தால் கல்லூரியும் நம்பாது, விசா அதிகாரியும் நம்பமாட்டார். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். படிவக் கட்டணம் சுமை என்றால் கல்லூரியிடம் விலக்குக் கேளுங்கள். கேட்பதால் மதிப்பெண் குறையாது. இன்னொன்று: அங்கே ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் தரப்படும் உதவித்தொகைக்கு வரி உண்டு, பொதுவாக 14 சதவீதம் பிடிப்பார்கள். முழு ஸ்காலர்ஷிப் கிடைத்தாலும் இதற்கென்று கொஞ்சம் எடுத்துவைக்க வேண்டும்.

அமெரிக்காவை மட்டும் பார்க்காதீர்கள். கனடாவில் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் லெஸ்டர் பி. பியர்சன் ஸ்காலர்ஷிப் நான்கு வருட ஃபீஸ், புத்தகம், ஹாஸ்டல் அனைத்தையும் ஏற்கிறது. ஆனால் மாணவரைப் பள்ளிதான் பரிந்துரைக்க வேண்டும், ஒரு பள்ளிக்கு ஒருவர். சென்னையில் பல பள்ளிகளுக்கு இது தெரியவே தெரியாது. பரிந்துரைக்கும் கெடு அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே முடிந்துவிடும் என்பதால் தலைமையாசிரியரை இப்போதே போய்ப் பாருங்கள். ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் ஸ்காலர்ஷிப்பில் ஃபீஸ் இல்லை, மாதம் சுமார் 1,17,000 யென் கையில் வரும். முதல் வருடம் ஜப்பானிய மொழி, பிறகுதான் பட்டப்படிப்பு. தூதரக அறிவிப்பு பெரும்பாலும் கோடையில் வரும், கணக்குத் தேர்வு கடினம். ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் ஃபீஸ் கிடையாது என்றாலும், முடக்கக் கணக்கில் (மாதாமாதம் ஒரு குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) வருடத்துக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். பிளஸ் டூ மட்டும் முடித்தவர் நேரடியாகச் சேரவும் முடியாது: ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்ச்சியோ, இங்கே ஒரு வருடக் கல்லூரிப் படிப்போ, அங்கே ஆயத்த வகுப்போ வேண்டும். ஃபுல்பிரைட், செவனிங், எராஸ்மஸ் முண்டஸ், மத்திய அரசின் நேஷனல் ஓவர்சீஸ் ஆகிய ஸ்காலர்ஷிப்கள் எல்லாம் பட்டம் முடித்தவர்களுக்கானவை. இவற்றைப் பிளஸ் டூ பிள்ளைக்கு வாங்கித் தருவதாக யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஜெமினி மேம்பாலத்தருகே அமெரிக்கத் துணைத் தூதரக வளாகத்தில் இயங்கும் யுஎஸ்ஐஇஎஃப் (அமெரிக்க-இந்தியக் கல்வி அறக்கட்டளை) அலுவலகத்திடம் ஆலோசனை கேளுங்கள். அவர்களுக்கு எந்தக் கல்லூரியும் கமிஷன் தருவதில்லை.

இந்த மாதத்தில் செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்பதாம் வகுப்பிலிருந்து இதுவரையிலான மதிப்பெண்களைப் பள்ளியின் லெட்டர்ஹெட்டில் ஆங்கிலத்தில் ஒரே தாளாக வாங்கி, கையெழுத்தும் முத்திரையும் பெற்றுவிடுங்கள். பொதுத்தேர்வு மதிப்பெண் சான்றிதழ் மட்டும் போதாது. அடுத்தது பெயர். சான்றிதழில் 'கயல்விழி எஸ்', பாஸ்போர்ட்டில் 'கயல்விழி செல்வராஜ்' என்று இருந்தால் இருவரும் ஒருவரே என்று தலைமையாசிரியரிடம் கடிதம் வாங்கி, எல்லாத் தேர்வுக்கும் விண்ணப்பத்துக்கும் பாஸ்போர்ட் பெயரையே கொடுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் மகளின் பெயர் குடும்பப் பெயராகிவிடும். அவள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யு' ('முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சாகும். வங்கிக் கணக்கு முதல் ஓட்டுநர் உரிமம் வரை அது தொடரும். பாஸ்போர்ட்டை இப்போதே திருத்திவிட்டால் அந்த அலைச்சல் மிச்சம்.