ஆய்வேட்டில் ‘ஃப்ளோரெட்’டை ‘ஃப்ளாஸ்க்யூல்’ ஆக்கலாமா?

கேள்வி: வெட்டுக்காயப் பூண்டின் பூக்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஆங்கிலத் திருத்தத்துக்கு வெளியே கொடுத்தேன். நான் ‘ஃப்ளோரெட்’ (சிறுமலர்) என்று எழுதிய இடத்தில் எல்லாம் ‘ஃப்ளாஸ்க்யூல்’ என்று போட்டுத் தந்திருக்கிறார்கள். ‘பொருள் ஒன்றுதான், பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் ஒற்றுமைச் சதவீதம் குறையும்’ என்கிறார்கள். அப்படியே சமர்ப்பிக்கலாமா?

பதில்: கூடாது. அகராதியைப் புரட்டினால் அவர்கள் சொல்வது சரி போலத்தான் தெரியும். பூவைக் குறிக்கும் ‘ஃப்ளோஸ்’ என்ற லத்தீன் சொல்லின் சிறுமை வடிவம் ‘ஃப்ளாஸ்குலஸ்’, அதாவது சின்னப் பூ. அதிலிருந்து வந்ததுதான் ஃப்ளாஸ்க்யூல். ஆனால் இன்றைய தாவரவியலில் அதை அநேகமாக யாரும் எழுதுவதில்லை. பழைய ஆங்கிலத்தில் அதற்குப் பேச்சு அலங்காரம் என்றும் ஒரு பொருள் உண்டு. உங்களுக்கு அது தேவையில்லை.

உங்கள் செடியில் ஒரு பூ என்று கண்ணுக்குத் தெரிவது உண்மையில் ஒரு சிரமஞ்சரி, அதாவது பல சிறு பூக்கள் நெருங்கிச் சேர்ந்த தலை. ஓரத்தில் மூன்று பல்லுடன் வெளிர் நிறத்தில் இருப்பவை கதிர்ச் சிறுமலர்கள். நடுவில் மஞ்சளாகக் குழல்போல் நெருங்கி நிற்பவை வட்டுச் சிறுமலர்கள். இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஃப்ளோரெட்தான்: ரே ஃப்ளோரெட், டிஸ்க் ஃப்ளோரெட். தேர்வாளர் எதிர்பார்ப்பதும் இந்த இரண்டு பெயர்களைத்தான்.

‘ரே ஃப்ளாஸ்க்யூல்’ என்பது வழக்கில் இல்லாதது மட்டுமல்ல, பழைய கணக்கின்படி தவறும்கூட. பிரெஞ்சுத் தாவரவியலாளர் துர்னஃபோர் 1694-இல் வெளியிட்ட வகைப்பாட்டில், குழல் வடிவச் சிறுமலர் மட்டும் கொண்ட தலைகள் ஒரு வகுப்பு, நாக்கு வடிவம் மட்டும் கொண்டவை அடுத்த வகுப்பு, இரண்டும் கலந்தவை மூன்றாவது வகுப்பு. ஃப்ளாஸ்குலஸ் என்ற பெயர் குழல் வடிவத்துக்கே உரியது. நாக்கு வடிவத்துக்கு ‘செமிஃப்ளாஸ்குலஸ்’, அதாவது அரைச் சிறுமலர். உங்கள் ஏட்டில் ஓரத்து நாக்குப்பூவுக்கும் குழல் பூவின் பெயரே விழுந்திருக்கிறது.

இந்தத் தொல்லை எல்லாம் சதவீதத்துக்காக. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகளைத் திறந்து பார்க்கக்கூட இங்கே ஆளில்லை. 10 சதவீதம் வரையிலான ஒற்றுமைக்கு அதில் தண்டனையே கிடையாது. பொதுச் சொற்களும், தற்செயலாகத் தொடர்ந்து ஒத்துவரும் 14 சொற்கள் வரையிலான பகுதியும், நூற்பட்டியலும் கணக்கில் வராது. ஒற்றைக் கலைச்சொல் எப்படித் திருட்டாகும்? எண்ணை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடும் வழக்கம் இருக்கும்வரை இந்தத் தரகர்களுக்குப் பிழைப்பு நடக்கும்.

அவர்கள் செய்வது திருத்தமே அல்ல. ஒரு மென்பொருளில் போட்டு, சொல்லுக்குச் சொல் மாற்றி எடுக்கிறார்கள். மார்பகப் புற்றுநோய்க்கான ‘ப்ரெஸ்ட் கேன்சர்’ ஆய்வுக் கட்டுரைகளில் ‘பூசம் பெரில்’ (மார்பு ஆபத்து) ஆனது இப்படித்தான். இத்தகைய திரிந்த சொற்களைத் தேடிப் பிடிக்கவே 2021 முதல் ஆய்வாளர்கள் வேலை செய்கிறார்கள். அப்படிப் பிடிபட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டும் இருக்கின்றன. ‘5 சதவீதத்துக்குக் கீழே உத்தரவாதம்’ என்று பேசுபவரிடம் பணம் கொடுக்காதீர்கள். மாற்றங்களைக் காட்டும் ‘டிராக் சேஞ்சஸ்’ கோப்பு தராமல் பிடிஎஃப் மட்டும் தருபவரிடமும் கொடுக்காதீர்கள். சரிபார்ப்பதாகச் சொல்லி, ஒற்றுமை சோதிக்கும் மென்பொருளில் பிரதியைச் சேமித்து வைக்கும் கணக்கில் அவர் ஏற்றிவிட்டால், பிறகு பல்கலைக்கழகம் சோதிக்கும்போது உங்கள் ஏடே உங்கள் ஏட்டோடு ஒத்துப்போகும். அதை விளக்கி முடிப்பதற்குள் ஒரு பருவம் போய்விடும்.

இப்போது செய்ய வேண்டியது: உங்கள் மூலப் பிரதியை எடுத்து, வேர்டில் ‘கம்பேர்’ கொடுத்துத் திருத்திய பிரதியோடு ஒப்பிடுங்கள். பிறகு திருத்திய பிரதியில் ‘ஃப்ளாஸ்குல்’ வரையிலான எழுத்துகளை மட்டும் ஆங்கிலத்தில் தேடுங்கள். ஒருமை, பன்மை, பெயரடை எல்லாம் அதில் சிக்கும். ‘ரீப்ளேஸ் ஆல்’ அழுத்தாதீர்கள், ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.

காரணம், அந்தச் சொல்லைத் தொடவே கூடாத இடங்கள் உண்டு. பழைய தாவர நூலிலிருந்து மேற்கோள் காட்டியிருந்தால் அதில் உள்ள ‘ஃப்ளாஸ்குலஸ்’ அப்படியே நிற்க வேண்டும். நூற்பட்டியலில் உள்ள தலைப்புகளும் அப்படியே. லத்தீன் இனப்பெயரின் பின்பாதியில் ‘ஃப்ளாஸ்குலோசா’ என்று வந்தால் அது பெயர், அதை மாற்றினால் செடியே மாறிவிடும். ‘ஃப்ளாஸ்குலாரியா’ என்பது பூவே அல்ல, நீரில் வாழும் நுண்ணுயிரியான ரோட்டிஃபரின் ஒரு பேரினம். மேற்கோளுக்கு விளக்கம் எழுதும்போது மட்டும், முதல் தடவை பழைய சொல்லைச் சொல்லி, ‘இன்றைய வழக்கில் டிஸ்க் ஃப்ளோரெட்’ என்று ஒரு வரி சேருங்கள். அடுத்த வரியிலிருந்து ஃப்ளோரெட் மட்டும் போதும்.

ஃப்ளோரெட்டோடு நிறுத்தாமல் பிராக்ட் (பூவடிச் செதில்), பாப்பஸ் (கனியின் உச்சி மயிர்க்கற்றை), சிப்செலா (ஒற்றை விதை உலர்கனி) ஆகிய சொற்களையும் சோதியுங்கள். ஒன்றை மாற்றியவர்கள் மற்றவற்றை விட்டிருக்க மாட்டார்கள். படங்களின் கீழ்க்குறிப்பையும் அட்டவணைத் தலைப்புகளையும் கடைசியாக ஒருமுறை தனியாகப் பாருங்கள். எழுத்துப் பெட்டிக்குள் இருக்கும் சொற்கள் ஒப்பீட்டில் தப்பிவிடலாம்.