ஊருக்குள் புதுசு ஒன்று யார் வழியாக வருகிறது? – கேள்வி பதில்

திருகோணமலைக் கிராமங்களில் மாதர் சங்கங்களோடும் கமக்காரர் அமைப்புகளோடும் வேலை செய்கிறேன். ஒரு ஊரில் ஓடுகிற புது முயற்சி பக்கத்து ஊரில் ஏன் படுத்துவிடுகிறது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

தம்பலகாமத்திலிருந்து ஒரு தம்பி: அக்கா, சேதனப் பசளை பயிற்சிக்கு ஊரே வந்தது. பிறகு ஒருவரும் செய்யவில்லை. ஏன்?

பயிற்சிக்கு வருவது வேறு, சொந்த வயலில் இறக்குவது வேறு தம்பி. பக்கத்து வயல்காரனுக்கு என்ன விளைந்தது என்று பார்த்த பிறகுதான் யாரும் மாறுவார்கள். அமெரிக்காவின் ஐயோவாவில் ஒட்டுச்சோள விதை எப்படிப் பரவியது என்று ரையன், குரோஸ் என்ற இருவர் ஆராய்ந்து 1943இல் எழுதினார்கள்: செய்தியைக் கொண்டுவந்தவர் விதை வியாபாரி, ஆனால் போட்டுப் பார்க்கலாம் என்ற தைரியத்தைக் கொடுத்தது அயலவர்கள்தான். நம் நாட்டில் 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாக நிறுத்தி, அதே வருடம் நவம்பரில் தடையை விலக்கினார்களே, அப்போது ஒருவரை ஒருவர் பார்த்துக் கற்க விவசாயிக்கு ஒரு போகம்கூட அவகாசம் கிடைக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆறாத கோபம். நீங்கள் வயல் வேலைகளையும் நீர்ப் பங்கீட்டையும் பார்க்கிற வட்டை விதானையிடம் போங்கள். அவர் கால் ஏக்கரில் செய்து, அடுத்த போக ஆரம்பக் கூட்டத்தில் விளைச்சலைப் பற்றி அவரே பேசட்டும்.

மூதூரிலிருந்து ஒரு சகோதரி: சீட்டு, மரணாதாரச் சங்கம் எல்லாம் பழசுதானே, இதில் என்ன புதுமை?

பழசுதான், ஆனால் நம்பிக்கை இருப்பது அங்கேதான். நுண்கடன் கம்பனிகள் அதை நம்மைவிட முந்திக் கண்டுபிடித்தன. அயலில் உள்ள பெண்களை ஒரு குழுவாக்கி, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு என்று வைத்தார்கள். பிணையாகப் போனது நகையோ காணியோ அல்ல, அயலுறவு. தவணை பிந்திய கிழமையில் ஒரே வேலிக்கு இரண்டு பக்கமும் இருக்கிறவர்கள் பேசாமல் போனதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அதே உறவை வைத்து நாமே சேமித்து நமக்குள் கடன் கொடுத்தால் வட்டி ஊருக்குள் நிற்கும். சிக்கன கடனுதவுக் கூட்டுறவு இலங்கைக்கு வந்து நூறு வருடத்துக்கு மேலாகிறது, சணச என்ற சிக்கனச் சங்கங்களின் இயக்கம் அதை 1978க்குப் பிறகு திரும்ப எழுப்பியது. ஒன்றே ஒன்று, கணக்குப் புத்தகம் கூட்டத்தில் எல்லோர் முன்னும் விரித்துக் கிடக்க வேண்டும்.

சேனையூரிலிருந்து: எங்கள் ஊர் மிக ஒற்றுமையான ஊர். ஆனாலும் புதுசாக எதுவும் நடப்பதில்லை.

எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம் என்றால் எல்லோருக்கும் தெரிந்தது ஒரே விஷயம்தான். கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973இல் எழுதியதும் இதுவே: புதிய தகவல் பெரும்பாலும் நெருங்கியவரிடமிருந்து வராது, அரைகுறைப் பழக்கக்காரரிடமிருந்து வரும். உங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மருமகள், வெளியூர் ஆசிரியை, கிண்ணியாவிலிருந்து நெல் வாங்க வருகிற முஸ்லிம் வியாபாரி, இவர்களைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டுப் பேச விடுங்கள்.

நிலாவெளியிலிருந்து: வாட்ஸ்அப் குழு போதாதா?

கூட்டத் திகதி சொல்லப் போதும். கடன் கொடுக்க, கிணறு வெட்ட முகம் பார்த்துத்தான் பேச வேண்டும்.

கிண்ணியாவிலிருந்து: சங்கத்தில் எப்போதும் அதே ஆட்கள்தான். என்ன செய்வது?

கூட்டம் காலை பத்து மணிக்கு என்றால் கூலி வேலைக்குப் போகிற பெண் எப்படி வருவாள்? நேரத்தை முதலில் மாற்றுங்கள். தலைவி, பொருளாளர் பதவிகளுக்குக் கால எல்லை வையுங்கள்.

சம்பூரிலிருந்து: 2006இல் இடம்பெயர்ந்து வருடக்கணக்காக முகாமில் இருந்தோம். திரும்பி வந்து பார்த்தால் பழைய சங்கம் இல்லை. எங்கே தொடங்குவது?

பழையதை அப்படியே தேட வேண்டாம். கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் பக்கத்துக் கொட்டிலில் இருந்தவர்கள் தண்ணீரையும் சமையலையும் பகிர்ந்தார்களே, அந்தப் பெண்களுக்குள் இன்றும் ஒரு பழக்கம் இருக்கிறது. ஐந்தாறு பேராகக் கூடி ஒரு பொதுக் கிணற்றை இறைத்துத் துப்புரவாக்குங்கள், பதிவை அதற்குப் பிறகு பிரதேச செயலகத்தில் பார்த்துக்கொள்ளலாம்.