பையனுக்கு 15 ஆகட்டும், லோன் வேண்டாம்

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். எஃப்.டி.யில் 4 லட்சம் இருக்கிறது, மாதம் 20,000 மிச்சம் பிடிக்க முடியும். எட்டாம் வகுப்பு முடித்த 13 வயது மகனோடு அடுத்த வருடம் மே மாதம் ஆப்பிரிக்கா போக ஆசை. ருவாண்டாவில் கொரில்லா, சிம்பன்சி, அப்புறம் கென்யாவின் மசாய் மாராவில் சிங்கம், யானை. இதற்கு 5 லட்சம் பர்சனல் லோன் போடலாமா?

பதில்: லோன் போடாதீர்கள். அதைவிட முக்கியமான விஷயம், ருவாண்டாவிலும் சரி உகாண்டாவிலும் சரி, 15 வயது நிரம்பாத பிள்ளைகளைக் கொரில்லா பார்க்கக் காட்டுக்குள் விடமாட்டார்கள். அவ்வளவு தூரம் கூட்டிப் போய், நீங்கள் இருவரும் மலையேற, அவன் மட்டும் விடுதியில் காத்திருப்பதா? பத்தாம் வகுப்புத் தேர்வு முடியட்டும். அந்த மே மாதத்துக்கு இன்னும் 24 மாதம் இருக்கிறது, மாதம் 20,000 ஆர்.டி.யில் போட்டால் 4.8 லட்சம், கையில் உள்ள நாலோடு 8.8 லட்சம், வட்டி தனி. இரண்டே வருடத்தில் எடுக்கப்போகிற பணம் என்பதால் பங்குச்சந்தை ஃபண்டு பக்கம் போகவே வேண்டாம். 5 லட்சத்தை 14% வட்டிக்கு மூன்று வருடம் கட்டினால் வட்டி மட்டும் சுமார் 1.15 லட்சம், உகாண்டாவில் ஒருவருக்குக் கொரில்லா பர்மிட், சிம்பன்சி பர்மிட் இரண்டும் வாங்கினாலும் அதில் மிச்சமிருக்கும்.

ஆமாம், உகாண்டாவைத்தான் சொல்கிறேன். ருவாண்டாவில் கொரில்லா பர்மிட் ஆளுக்கு 1,500 டாலர், உகாண்டாவில் 800. டாலர் 90 ரூபாய் என்று வைத்தால் மூன்று பேருக்கு 1.89 லட்சம் வித்தியாசம். இரண்டு இடத்திலும் அதே மலைக் கொரில்லாதான், பார்க்க அதே ஒரு மணி நேரம்தான், ஒரு கூட்டத்தைப் பார்க்க எட்டுப் பேருக்கு மேல் விடுவதில்லை. மசாய் மாராவையும் விட்டுவிடலாம். உகாண்டாவின் விமான நிலையம் இருக்கும் என்டபேயில் இறங்கி ஒரே வண்டியில் கிபாலே காட்டில் சிம்பன்சி (பர்மிட் 250 டாலர்), குயின் எலிசபெத் பூங்காவின் கசிங்கா கால்வாயில் படகில் போய் நீர்யானையும் யானையும், அதே பூங்காவின் இஷாஷா பகுதியில் அத்திமரக் கிளையில் காலைத் தொங்கப்போட்டுப் படுத்திருக்கும் சிங்கம் (அதிர்ஷ்டம் இருந்தால்), கடைசியாக ப்விண்டி மலைக்காட்டில் கொரில்லா என்று முடித்துவிடலாம். இடையில் வேறு விமானச் செலவே கிடையாது.

மே அங்கே மழைக்காலத்தின் கடைசி. விடுதி வாடகை இறங்கும், ஆனால் ப்விண்டியின் சரிவுகள் சேறாகிவிடும். பை தூக்க, ஏற்றத்தில் கைகொடுத்து இழுக்க உள்ளூர்க்காரர்கள் கூட வருவார்கள், அந்தக் கூலியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள், பல குடும்பங்கள் அதை நம்பித்தான் இருக்கின்றன.

பர்மிட் டாலரில் என்பதால் ரூபாய் சரிந்தால் சமாளிக்க 10 சதவீதம் கூடுதலாக ஒதுக்குங்கள். டூர் பேக்கேஜாக வாங்கினால் டி.சி.எஸ். (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள், அது வருமான வரிக் கணக்கில் வரவாகிவிடும். ஆனால் முதலில் கையைவிட்டுப் போகிற பணம், அதையும் கணக்கில் சேருங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் குறைந்தது 10 நாள் முன்பே போட வேண்டும், சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். அந்த அட்டை இல்லாமல் திரும்பினால் நம் ஊர் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்திவிடுவார்கள்.

மூன்று பேர் பெயரிலும் பர்மிட் உறுதியாகி, தேதி கையில் வந்த பிறகு விமான டிக்கெட் போடுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம்.