சுங்கை சிப்புட்டிலிருந்து கிழக்குக்கரை, பிறகு கேஎல்: எட்டு நாளில் எப்படிச் சுற்றுவது?

கேள்வி: நாங்கள் இரண்டு பேர், பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட் தோட்டத்துப் பிள்ளைகள். டிசம்பர் லீவில் எட்டு நாள் இருக்கிறது. முதலில் கேஎல் (கோலாலம்பூர்) பார்த்துவிட்டு, அங்கிருந்து பெர்ஹெந்தியான் தீவு, திரெங்கானு என்று பையைத் தூக்கிக்கொண்டு கடலோரமாகச் சுற்றலாமா?

பதில்:

மாதத்தை மாற்றுங்கள், திசையையும் திருப்புங்கள்.

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழை நேராகக் கிழக்குக்கரை மாநிலங்களான கிளந்தான், திரெங்கானுவில்தான் இறங்கும். தீவுப் படகுகள் நின்றுவிடும், தங்கும் இடங்களில் பெரும்பாலானவை கதவைச் சாத்திவிடும். வெள்ளம் வந்தால் சாலையும் இல்லை. பேராக்கில் அந்த மாதம் வெறும் சாயங்கால மழைதானே என்று ஏமாறக் கூடாது; நடுவில் தித்திவாங்சா மலை அந்த மழையைத் தடுத்து நிற்கிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். டிசம்பரை விட்டால் வேறு லீவே கிடையாது என்றால் கிழக்கை மறந்துவிட்டு லங்காவிக்குப் போங்கள்.

திசை ஏன் முக்கியம்? அலை எழும்பினால் அன்றைக்குப் படகு கிடையாது. தீவைக் கடைசியில் வைத்தால் அந்த ஒரு நாள் தாமதம் திரும்பும் ரயில் டிக்கெட்டையும் வேலை நாளையும் சேர்த்துத் தின்னும். கேஎல் கடைசியில் இருந்தால், தீவுக்குப் பின் வரும் ஊர்களில் ஒரு ராத்திரியைக் குறைத்துக்கொண்டால் போதும்.

சனிக்கிழமை புறப்படுங்கள். ஈப்போ மேரு ராயாவில் இருக்கும் அமான் ஜெயா டெர்மினலில் கோத்தா பாரு பஸ் ஏற வேண்டும். தெற்கே போய், மறுபடி நம் ஊரைத் தாண்டி வடக்கே வருவது எரிச்சல்தான், என்ன செய்ய. பகல் பஸ்ஸாகப் பாருங்கள். கிரிக்கிலிருந்து ஜெலி வரை மலைப்பாதை முழுக்க வளைவு. ராத்திரியில் பனிமூட்டம், யானை நடமாட்டம் வேறு. ரொட்டி சானாயை வயிறு முட்ட அடித்துவிட்டு ஏறினால் கிரிக் தாண்டியதும் வெளியே வந்துவிடும். வாந்தி மாத்திரையைப் பஸ் ஏறுவதற்கு அரை மணி முன்பே போட வேண்டும், தலை சுற்றிய பிறகு போட்டுப் பயனில்லை.

சனிக்கிழமை என்று சொல்லக் காரணம் உண்டு. கிளந்தானிலும் திரெங்கானுவிலும் வார விடுமுறை வெள்ளியும் சனியும். வியாழன் சாயங்காலம் பஸ்ஸும் படகும் நிரம்பி வழியும். வெள்ளி மதியம் தொழுகை நேரத்தில் கடைகள் மூடிவிடும். சனி ராத்திரி கோத்தா பாருவில் தங்கி, ஞாயிறு காலை கோல பெசுட் படகுத்துறைக்குப் போனால் கூட்டம் குறைந்திருக்கும்.

துறைக்குப் போகும் முன் பணம் எடுத்துவிடுங்கள். தீவில் ஏடிஎம் கிடையாது. மூன்று ராத்திரிக்கான அறை, சாப்பாடு, ஸ்நோர்கெலிங் எல்லாவற்றுக்கும் பணம் கையிலேயே இருக்கட்டும், பத்தும் இருபதுமான ரிங்கிட் நோட்டாக.

படகு அரை மணி முதல் முக்கால் மணி வரை. முன்வரிசை அலையில் தூக்கித் தூக்கிப் போடும், இடுப்பு போய்விடும். பின்னால் உட்கார்ந்தால் சாரல் அடிக்கும், ஆனால் முதுகு தப்பும். பல இடங்களில் முழங்கால் தண்ணீரில்தான் இறங்க வேண்டும். அதனால் பையைக் கட்டும் விதம் இது: 40 லிட்டர் பை, மொத்தம் 8 கிலோவுக்குள். உள்ளே முதலில் கறுப்புக் குப்பைப் பை ஒன்றை விரித்து, துணியை அதற்குள் அடுக்கி, காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை முறுக்கி மடித்துக் கட்டுங்கள். வெளியே போடும் மழையுறை மட்டும் போதாது. முதுகுப் பக்கம் அது மூடாது, தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்கும். போன், அடையாள அட்டை, பணம் மூன்றும் சிறு நீர்புகாப் பையில், மார்போடு. துவாலைக்குப் பதில் கைலி. சீக்கிரம் காயும், போர்வையுமாகும். ஜிப்பை நல்ல தண்ணீரில் ராத்திரிதோறும் அலசாவிட்டால் உப்புக் கடித்து மூன்றாம் நாள் நகராது.

பெர்ஹெந்தியானின் இரண்டு தீவுகளில் சிறியதான கெச்சில் தீவில் பாசிர் பாஞ்சாங் கடற்கரைதான் கலகலப்பு. தூக்கம் வேண்டுமென்றால் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்து மறுபக்கம் போய்விடுங்கள். பவளத்தில் கால் வைக்கவே வைக்காதீர்கள்; கீறல் பட்டால் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவ வேண்டும், விட்டால் சீழ் பிடிக்கும்.

சாப்பாட்டில் ஒன்று. உணவுப் பட்டியலில் வெறும் ‘டாகிங்’ என்றிருந்தால் பெரும்பாலும் மாட்டிறைச்சி. சைவக்காரர்கள் மீன் வேண்டாம் என்றால் மட்டும் போதாது, பெலாச்சானும் (இறால் விழுது) பூடுவும் (மீன் சாறு) வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

புதன் கரை திரும்பி கோல திரெங்கானுவில் ஒரு ராத்திரி. பாயாங் சந்தை, சுடச்சுட மீன் பலகாரமான கெரோப்போக் லேக்கோர், போதும். படகு ஒரு நாள் தள்ளிப்போனால் வெட்ட வேண்டிய முதல் ஊர் இதுதான், கேஎல் அடுத்தது. வியாழன் காலை பஸ் பிடித்து கேஎல்லின் டிபிஎஸ் பஸ் நிலையம். ராத்திரி பஸ் ஓர் அறை வாடகையை மிச்சப்படுத்தும் என்று தோன்றும். விடியற்காலை நான்கு மணிக்கு இறக்கிவிடும், எல்ஆர்டி நகர ரயில் ஓடாது, விடுதி அறை மதியம்தான் கிடைக்கும்.

டிபிஎஸ்ஸை ஒட்டியே எல்ஆர்டி நிலையம். ஸ்ரீ பெட்டாலிங் தடத்தில் ஏறினால் மாறாமல் மஸ்ஜிட் ஜாமெக். பையோடு வருபவர்களுக்கு அந்தப் பக்கமே வசதி: லெபோ அம்பாங், மஸ்ஜிட் இந்தியா, 1873இல் தோன்றிய மகா மாரியம்மன் கோயில், பாசார் செனி எல்லாம் நடை தூரம். புக்கிட் பிந்தாங் கலகலப்புக்குப் பெயர் போனது, ஆனால் பாட்டுச் சத்தம் அடங்க விடியற்காலை ஆகும். பழைய கடைவீட்டு விடுதிகளில் சன்னல் இல்லாத அறை நிறைய. ஈரத்துணியை அங்கே தொங்கவிட்டால் நாற்றம்தான். முதல் வேலையாகக் காசு போடும் டோபிக் கடைக்குப் போங்கள்.

சனிக்கிழமை திரும்ப கேஎல் சென்ட்ரலில் இடிஎஸ் மின்சார ரயில். எல்லா வண்டியும் சுங்கை சிப்புட்டில் நிற்காது. பதிவு செய்யும்போது நம் நிலையத்தின் பெயரைப் போட்டே தேடுங்கள், இல்லாவிட்டால் கோல கங்சாரில் இறங்கி வீட்டுக்குப் போன் போட வேண்டியிருக்கும்.