பேட்டரி புதிது, ஆனாலும் பிக்அப் வண்டி சில நாள் ஸ்டார்ட் ஆவதில்லை: எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

நீங்கள் கேட்டது இது: எட்டு வருட டீசல் பிக்அப், பேட்டரி மாற்றி இரண்டு மாதம்தான் ஆகிறது. பத்து நாள் சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொள்கிறது. பதினோராவது நாள் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. பட்டறைக்குக் கொண்டுபோனால் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. செல்ஃப் மோட்டாரை மாற்றிவிடலாமா?

இப்போதைக்கு மாற்றாதீர்கள். இதே தொல்லையோடு ஐந்து மாதம் அலைந்தவன் நான். என் வண்டி ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி ஏற்றும் பழைய மாடல் டீசல் பிக்அப். 14 கிலோ பெட்டி எண்பதை ஏற்றி, கயிறு கட்டி முடித்து சாவியைத் திருப்பினால் 'டக்'. அக்கம்பக்கத்து ஆட்களை எழுப்பித் தள்ளச் சொல்வேன். லோடு வண்டியைத் தள்ளுவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். முதலில் பேட்டரி மாற்றினேன். அப்புறம் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி கார்பன் பிரஷ், புஷ் எல்லாம் புதிதாகப் போட்டேன். ஒவ்வொரு முறையும் இரண்டு வாரம் நன்றாக ஓடும், அப்புறம் பழையபடி நிற்கும்.

வந்து வந்து போகிற கோளாறில் உள்ள சிக்கலே அதுதான். நன்றாக இருக்கும் நேரத்தில் எதை மாற்றினாலும் சரியானது போலவே தோன்றும். கோளாறு இருக்கும் அந்த நிமிடத்தில் அளந்தால்தான் உண்மை தெரியும். எங்கள் ஊர்ப் பக்கத்து எலக்ட்ரீஷியன் அண்ணன் அதைத்தான் செய்தார். ஒருநாள் விடிகாலை வண்டி நின்றதும் போன் பண்ணினேன். "தள்ளாத தம்பி, எதையும் தொடாத, அப்படியே விடு" என்று சொல்லிவிட்டு பைக்கில் வந்தார்.

வந்தவர் பேட்டரியைப் பார்க்கவில்லை. என்னை நான்கைந்து முறை செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு, ஆக்சிலேட்டர் கேபிளின் மேலுறையைத் தொட்டுப் பார்த்தார். என் கையையும் பிடித்து வைத்தார். சூடாக இருந்தது. எஞ்சின் ஓடவே இல்லை, ராத்திரி முழுக்க நின்ற வண்டி. அந்தக் கம்பி ஏன் சுட வேண்டும்?

செல்ஃப் மோட்டார் எஞ்சினோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டது. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து போகும் கரண்ட் மோட்டாருக்குள் புகுந்து, எஞ்சின் உடம்பு வழியாக, எர்த் கேபிளைப் பிடித்து பேட்டரி மைனஸுக்குத் திரும்ப வேண்டும். எஞ்சினோ ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது, ரப்பரில் கரண்ட் போகாது. எஞ்சினையும் சேஸையும் இணைக்கும் அந்த ஒரு எர்த் கேபிள் கெட்டால் கரண்ட் வேறு வழி தேடும். கிடைப்பது ஆக்சிலேட்டர் கேபிள் போன்ற மெல்லிய கம்பிதான். அது தாங்காமல் சூடாகும்.

பிறகு மல்டிமீட்டரை எடுத்தார். கறுப்பு முனையை பேட்டரி மைனஸ் குமிழில் வைத்தார், கிளாம்பில் அல்ல. சிவப்பு முனையை எஞ்சின் பிளாக்கில் பெயிண்ட் இல்லாத இடத்தில் வைத்தார். நான் சாவியைத் திருப்பினேன். மீட்டர் 4.8 வோல்ட் காட்டியது. நல்ல எர்த் என்றால் அங்கே 0.2, 0.3-க்கு மேல் வரக்கூடாது. அதே நேரம் பேட்டரி முனைகளில் 10-க்கு மேல் இருந்தது. பேட்டரி கொடுத்ததில் பாதி வழியிலேயே தொலைந்துபோனது. நான் காசு கொட்டிய பேட்டரியிலும் மோட்டாரிலும் ஒரு குறையும் இல்லை.

கேபிள் வெளியே பார்க்க நன்றாகவே இருந்தது. கழற்றியபோதுதான் முனையில் உள்ள லக்கின் (போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) உள்ளே பச்சை பூத்திருந்தது தெரிந்தது. இழைகள் பாதிக்கு மேல் அறுந்திருந்தன. "லைட் நல்லா எரியுதே, ஹாரன் அடிக்குதே" என்று கேட்டேன். அவற்றுக்குச் சில ஆம்பியர் போதும், பத்து இழை இருந்தாலே ஓடிவிடும். டீசல் எஞ்சினைச் சுற்ற 200 ஆம்பியருக்கு மேல் வேண்டும். 200 ஆம்பியர் ஓடும் வழியில் 0.01 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் போய்விடும். சாதாரண மீட்டரில் ஓம் அளந்தால் அந்த 0.01 தெரியவே தெரியாது. அதனால்தான் செல்ஃப் அடிக்கும்போது வோல்ட் அளக்க வேண்டும்.

உங்கள் வண்டியிலும் எர்த்தான் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் அதே முறையில் பிடித்துவிடலாம். கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். சாவியைத் திருப்ப ஒருவர், அளக்க ஒருவர். முதலில் சும்மா இருக்கும்போது பேட்டரி எவ்வளவு என்று பாருங்கள். 12.6 என்றால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. குறைவாக இருந்தால் சார்ஜ் ஏற்றிவிட்டு, எஞ்சின் ஓடும்போது 14-ஐ ஒட்டி வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் கோளாறு டைனமோ பக்கம்.

நிறைந்த பேட்டரி, செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகப்படலாம், புதிதாக இருந்தாலும் சரி. 'டக்' சத்தம் வந்தும் 12.5-லேயே நிற்கிறது என்றால் கரண்ட் ஓடவே இல்லை என்று அர்த்தம். மீட்டர் இல்லாவிட்டால் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு செல்ஃப் அடியுங்கள். லைட் மங்கி அணையப் பார்த்தால் முதல் வகை, அப்படியே எரிந்தால் இரண்டாவது.

இரண்டாவது வகையில் முதலில் அண்ணன் செய்ததுபோல எர்த்தை அளந்துவிட்டு, பிறகு சாவியைத் திருப்பிய நிலையில் செல்ஃபிலுள்ள இரண்டு பெரிய போல்ட்டையும் அளக்க வேண்டும். கேபிள் வரும் போல்ட்டில் 12 இருந்து, மோட்டார் பக்க போல்ட்டில் ஒன்றும் வராவிட்டால் சொலினாய்டுக்குள் (மோட்டாருக்குக் கரண்டை இணைத்துவிடும் பெரிய சுவிட்ச்) இருக்கும் செம்புத் தகடு தேய்ந்திருக்கிறது. தகட்டின் நல்ல பக்கம் பட்டால் சுற்றும், தேய்ந்த பக்கம் பட்டால் 'டக்' மட்டும். 'சில நாள்' என்பதற்கு இது பொருத்தமான காரணம், செலவும் குறைவு. இரண்டிலும் 12 இருந்தும் மோட்டார் அசையாவிட்டால் கார்பன் பிரஷ். ஸ்பானரால் மெல்லத் தட்டியதும் சுற்றினால் அதை உறுதி செய்துகொள்ளலாம். டேஷ்போர்டுக்குள் மெல்லிய 'டிக்' மட்டும் கேட்டு கீழே சத்தமே இல்லை என்றால் கதை வேறு: ரிலேயிலிருந்து சொலினாய்டுக்குப் போகும் சின்ன ஒயரைப் பாருங்கள்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்காத நாள் வந்தால் சைலன்ஸரைப் பாருங்கள். புகையே இல்லை என்றால் டீசல் வரவில்லை, லைனில் ஏர் இழுக்கிறதா என்று தேட வேண்டும். வெள்ளைப் புகை வந்தால் டீசல் வந்தும் எரியவில்லை, குளிர் காலையில் ஹீட்டர் பிளக்கைச் சோதியுங்கள். ஏர் ஃபில்டரில் பெட்ரோல் துணி வைத்துக் கிளப்பச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், தீப்பிடிக்கும். வண்டிக்கு அடியில் படுத்து ஸ்க்ரூடிரைவரால் செல்ஃப் போல்ட்டை நேரடியாக இணைப்பதும் வேண்டாம். கியரில் இருந்தால் வண்டி மேலே ஏறிவிடும்.

எர்த்தான் என்று தெரிந்தால் பழைய கேபிளில் புது லக் அடிக்கச் சொல்லாதீர்கள், முழுக் கேபிளையும் மாற்றச் சொல்லுங்கள். லக் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் உலோகம் மின்னும்வரை தேய்த்து, இறுக்கி, அப்புறம் மேலே கிரீஸ் தடவ வேண்டும். அண்ணன் எனக்குச் செய்தது அவ்வளவுதான். கேபிளுக்கு 350 ரூபாய் ஆனது. மூன்று வருடமாக என் வண்டியை யாரும் தள்ளவில்லை.